கச்சாங் ஃபெயிலான நாள்

தாய்மாமன் என்பது சம்பளம் இல்லாத பதவி. செலவு மட்டும் உண்டு. பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் உட்காரவைத்துக்கொண்டு அதன் அலறலைக் கேட்பதில் தொடங்கி, வருஷா வருஷம் பிறந்தநாளுக்குக் கையில் எதையாவது தூக்கிக்கொண்டு போய் நிற்பது வரை எல்லாம் நம் தலையில்தான் விடியும். என் அக்கா திவ்யதர்ஷினிக்கு ஒரே மகள், நிரஞ்சனா. எனக்கு வேறு மருமக்கள் கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை. ஆகவே மொத்தச் சீரும் ஒரே வாசலுக்குத்தான் போகும்.

தேக்காவில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பெற்றோர்களைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதித் தலை வழுக்கையாகிவிட்டது. பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொல்வேன். பிள்ளை கொஞ்சம் திணறினால் போதும், என் முதுகுக்குப் பின்னால் நிற்கும் அம்மா உதட்டை அசைத்து விடையைச் சொல்லிக்கொடுப்பார். கண் பரிசோதனையில்கூடத் தன் பிள்ளைக்கு ஒரு மார்க் குறையக்கூடாது. பவர் கூடியிருக்கிறது என்று நான் சொன்னதற்கு, “வீட்டுல ப்ராக்டிஸ் பண்ணிட்டு அடுத்த வாரம் திரும்ப வரட்டுமா?” என்று கேட்ட அப்பாவும் உண்டு. அவரைத் திட்டாமல் அனுப்பியதை இன்றுவரை பெருமையாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட எனக்குத்தான் இந்த ஜனவரியில் அக்கா போன் செய்தாள்.

“சேது, நிரஞ்சனாவுக்குப் பத்து வயசாகப் போகுது. இந்த வருஷமாச்சும் கடமைக்கு எதையாவது குடுக்காம, அவ டெவலப்மெண்டுக்கு உதவுற மாதிரி குடுடா.”

“போன வருஷம் நீங்க சொன்னதைத்தானக்கா வாங்கிக் குடுத்தேன்?”

“அது சரி. ஆனா அவ அதைத் தொடவே மாட்டேங்கிறா.”

தொடமாட்டாள்தான். அது ஒரு பேசும் உலக உருண்டை. எந்த நாட்டைத் தொட்டாலும் அதன் தலைநகரம் என்ன என்று கேட்கும். தப்பாகச் சொன்னால் ‘ட்ரை அகெய்ன்’ என்று கொஞ்சமும் களைக்காமல் சொல்லும். நிரஞ்சனா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதற்கு முந்திய வருஷம் கொடுத்த ரோபோவும் அங்கேதான் கிடந்தது. அதுவும் கேள்வி கேட்கிற ஜாதிதான்.

அந்தச் சனிக்கிழமை ஆங் மோ கியோவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நிரஞ்சனாவின் வாராந்தர கால அட்டவணை ஒட்டியிருந்தது. கணக்கு டியூஷன் நீலம், அறிவியல் பச்சை, தமிழ் மஞ்சள், பியானோ, நீச்சல், பரதம், கட்டுரை வகுப்பு என்று ஹோலிப் பண்டிகைபோல இருந்தது. சாயங்காலத்தில் மட்டும் தினமும் ஒரு கட்டம் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. அரை மணி நேரம். அது ஓய்வு என்று அத்தான் விளக்கினார். பிள்ளைகளுக்கு ஓய்வும் முக்கியம் என்று ஏதோ ஆராய்ச்சியில் போட்டிருந்ததாம்.

அத்தான் அருண்ராஜைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் நிறையத் திட்டப்போவதால். நல்ல மனிதர். நிரஞ்சனாவுக்கு டெங்கி வந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கி எழுந்து, கழுத்து பிடித்துக்கொண்டு, பிள்ளை குணமாகி ஓடியபிறகும் தலையைத் திருப்ப முடியாமல் அலைந்தவர். தஞ்சோங் பகாரில் ஒரு வங்கியில், எதிலெல்லாம் நஷ்டம் வரக்கூடும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் பிரிவில் வேலை. அந்த வேலையை அவர் ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எந்தப் பிரச்சனையும் இருந்திருக்காது.

“என்ன வாங்கலாம்னு அவகிட்டயே கேட்டீங்களா?” என்றேன்.

அக்காவும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு வழி இருப்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நானே கூப்பிட்டுக் கேட்டேன். நிரஞ்சனா பியானோவை விட்டு எழுந்து வந்து, கொஞ்சம் யோசித்து, “என்னோட வெளையாடுறது ஏதாச்சும் வேணும் மாமா. ஆனா அது என்கிட்ட கொஸ்டின் கேக்கக்கூடாது” என்றாள்.

“உயிரோட இருக்குற ஏதாச்சுமா?”

“யெஸ்! கேன் ஆ, அப்பா?”

கேன் என்றோ கேனாட் என்றோ அத்தான் உடனே சொல்லிவிடுவாரா என்ன? மடிக்கணினியைத் திறந்தார். பிராணி வளர்க்கும் பிள்ளைகளுக்குப் பொறுப்பும் பொறுமையும் மற்றவர்மேல் பரிவும் வளரும் என்று படித்திருக்கிறாராம். எந்தப் பிராணியில் எது எவ்வளவு வளரும் என்று எக்செல்லில் கட்டம் கட்டிப் போட ஆரம்பித்தார். முதலில் ஹாம்ஸ்டர். அந்த எலிக்கு ஆயுள் இரண்டு வருஷம் என்று பார்த்ததும் அவர் முகம் மாறியது. “ரெண்டு வருஷமா? அப்ப கரெக்டா பி.எஸ்.எல்.இ. நேரத்துல சாகும். வேணாம்.” தொடக்கப்பள்ளியின் கடைசித் தேர்வில் குழப்பம் விளைவிக்கக்கூடும் என்று ஓர் எலியை நிராகரித்த வீடு உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆமை ரொம்ப மெதுவாம், பிள்ளையும் அப்படியே பழகிவிடுமாம். பூனையை நான் சொன்னேன். “நோ நோ சேது. பூனை கூப்பிட்டா வராது. அதுக்கா தோணுனாத்தான் வரும். ராங் எக்ஸாம்பிள் லா” என்று அத்தான் தலையாட்டினார். மீனை அக்காவே தள்ளிவிட்டாள். தொட்டிக்குள் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்குமாம். சும்மா இருப்பது அந்த வீட்டில் குற்றங்களிலேயே பெரிய குற்றம்.

கடைசியில் நாய் வென்றது. நாய் சொன்னால் கேட்கும், அதுதான் காரணம். அதிலும் காப்பகத்தில் இருக்கும் உள்ளூர்க் கலப்பு நாயைத் தத்தெடுத்தால் சமூக சேவையில் சேரும் என்று அத்தான் கண்டுபிடித்தார். மார்க்கைத் தவிர மற்றத் திறமைகளையும் பார்த்து உயர்நிலைப் பள்ளிகள் முன்கூட்டியே இடம் கொடுக்கும் வழி ஒன்று உண்டு. டி.எஸ்.ஏ. என்பார்கள். அதற்காக அவர் மகள் பெயரில் ஒரு கோப்பு வைத்திருந்தார். அதில் ‘பரிவு’ என்ற பகுதி இதுவரை காலியாக இருந்ததாம்.

கிராஞ்சிப் பக்கம் ஒரு காப்பகத்துக்குப் போனோம். வரிசையாகக் கூண்டுகள், காது கிழியும் குரைப்பு. அத்தான் ஒவ்வொரு நாயின் முன்னாலும் நின்று இண்டர்வியூ நடத்துவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கூண்டில், தோல் உரிக்காத வேர்க்கடலை நிறத்தில் ஒரு நாய் குரைக்காமல் உட்கார்ந்து நிரஞ்சனாவின் ஷூ நாடாவைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் காலை எடுக்கவில்லை. “மாமா, இது என்கிட்ட ஒண்ணுமே கேக்கல” என்று என் காதில் சொன்னாள். அவ்வளவுதான், முடிந்தது.

நியூட்டன் என்று பெயர் வைக்கலாம் என்றார் அத்தான். “அது எம்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன்ப்பா” என்று நிரஞ்சனா மறுத்து, கச்சாங் என்று வைத்தாள். இங்கே கடலைக்கு அதுதான் பேர். நிறமும் சரியாக இருந்தது.

நாய்க்கான செலவு என்னுடையது, அதனால் ஒரு நிபந்தனையும் போட்டேன். “அந்த வெள்ளைக் கட்டம் இனிமே இவங்க ரெண்டு பேருக்கும்தான் அத்தான். யாரும் அதுல கை வைக்கக் கூடாது.”

“டன்” என்று என் கையைக் குலுக்கினார்.

அடுத்த சில வாரங்களை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு குளிர்கிறது. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு நானும் சில நாள் ஆங் மோ கியோவுக்கு ஓடுவேன். அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்தரையில், நீளமான கயிற்றின் இரண்டு முனையிலும் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். எது எதை இழுக்கிறது என்று சொல்ல முடியாது. அவள் தன் ரப்பர் ஜப்பான் செருப்பைத் தூக்கிப் போடுவாள். கச்சாங் அதை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் போகும். பள்ளிக்கூடத்தில் நடந்த எல்லாவற்றையும் அதனிடம் சொல்வாள், தமிழிலேயே சொல்வாள். டியூஷன் டீச்சரிடம் மூன்று வாக்கியத்துக்குமேல் பேசாத பிள்ளை! அவள் வாய்விட்டுச் சிரித்தால் ஒரு தெற்றுப்பல் எட்டிப் பார்க்கும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பத்து வருஷத்தில் நான் கொடுத்த பரிசுகளில் இது ஒன்றுதான் உருப்படி என்று நினைத்து, கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்காய் முடியும் என்பது சும்மா சொன்னதில்லை.

இந்த வகை நாயை அடுக்குமாடி வீட்டில் வளர்க்க அனுமதி உண்டு, ஆனால் கீழ்ப்படிதல் வகுப்புக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. நியாயமான விதிதான். உட்கார், படு, நில் என்று அடிப்படைகளைச் சொல்லித்தருவார்கள். கச்சாங் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. பயிற்சியாளர் இருதயராஜ், வாய் சும்மா இருக்காத மனிதர், எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதைத்தான் சொன்னார்.

“சார், இது மட்டும் பிள்ளையா பொறந்திருந்தா ஸ்காலர்ஷிப் வாங்கியிருக்கும் சார்!”

அத்தானின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடிப்படை வகுப்பு முடிந்ததும் கச்சாங் அடுத்த நிலைக்கு அனுப்பப்பட்டது. பிறகு தனி வகுப்பு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டாவது கால அட்டவணை ஒன்று ஏறியது. மேலே ‘கச்சாங்’ என்று போட்டிருந்தது. நிரஞ்சனாவின் அட்டவணையில் வெள்ளைக் கட்டம் ஆரஞ்சு நிறமானது. நான் கேட்டதற்கு, “ரெண்டு பேரும் சேந்துதானே இருக்காங்க சேது, கண்டிஷனை நான் மீறலையே” என்றார் அத்தான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றும் கேட்டார். நாய்க்கு ஐம்பது வயது எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை.

புல்தரையில் இப்போது செருப்பு பறக்கவில்லை. அத்தான் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பார். நிரஞ்சனா கட்டளை சொல்லவேண்டும், கச்சாங் செய்யவேண்டும். அத்தான் அதை வீடியோ எடுப்பார். ‘தலைமைத்துவம்’ என்ற பகுதிக்கு அது தேவைப்பட்டது.

இதிலாவது நின்றதா என்றால் இல்லை. அதுவரை அந்த வீட்டில் நிரஞ்சனாவோடு ஒப்பிடப்பட்டது எதிர் புளோக்கில் இருக்கும் ஒரு பெண். பாவம், அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. “பாரு, கச்சாங் ஒரு தடவை சொன்னா கேக்குது. உனக்கு எத்தனை தடவை சொல்றது?” என்று அக்கா சாப்பாட்டு மேசையில் சொன்னதை என் காதால் கேட்டேன். மேசைக்கு அடியில் படுத்திருந்த கச்சாங் தன் பெயரைக் கேட்டு வாலை ஆட்டியது. நிரஞ்சனா தட்டிலிருந்த கோழித்துண்டை யாருக்கும் தெரியாமல் அதற்குப் போட்டாள். அதன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. நானாக இருந்தால் உதைத்திருப்பேன்.

“அக்கா, நாயோடயா பிள்ளையை ஒப்பிடுவீங்க?”

“பிள்ளை பெத்துப் பாரு, அப்பறம் பேசு” என்றாள் அக்கா. கல்யாணம் ஆகாதவன் வாயை அடைக்க இது ஒன்று போதும். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் அக்கா புடவைக் கடைக்குப் போன நேரத்தில் நிரஞ்சனாவை என் கடையில் விட்டுப்போனாள். பிள்ளை என் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றாமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, அடுத்த வாரம் கச்சாங்குக்கு டெஸ்ட். பாஸானா ட்ரெய்னரோட டீம்ல எடுத்துடுவாங்களாம். சனி, ஞாயிறு எல்லாம் ப்ராக்டிஸ். காம்பெடிஷன் வேற. அப்பறம் எங்களுக்கு வெளையாட டைமே இருக்காது.”

“அப்பாகிட்ட சொல்லும்மா.”

“சொன்னேன். மொதல்ல பாஸாகட்டும், அப்பறம் நல்லா வெளையாடலாம்னாரு. எனக்கும் எப்பவும் அப்படித்தான் சொல்வாரு. அந்த அப்பறம் வந்ததே இல்ல.” அவள் நாற்காலியின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினாள். “கச்சாங் இப்பல்லாம் கயித்தைப் பாத்தாலே ஓடி ஒளியுது மாமா. முன்னாடி கயித்தைப் பாத்தா குதிக்கும்.”

நான் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

“ஃபெயிலாயிட்டா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாள்.

“டீம்ல எடுக்க மாட்டாங்க. அவ்ளோதான். ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணுமே ஆகாதா?”

“ஆகாது லா. நாய்தானே.”

அவள் நாற்காலியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டேன்.

டெஸ்ட் ஒரு திறந்தவெளியில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஏழெட்டுக் குடும்பங்கள் வந்திருந்தன. எல்லா அப்பாக்களின் கையிலும் போன் தயாராக இருந்தது. பூடில், ஷிட்ஸு என்று முடி திருத்திய நாய்களுக்கு நடுவே நம்முடையது வேர்க்கடலை நிறத்தில் நின்றது. அத்தான் குனிந்து அதன் காதில், “ரிலாக்ஸா செய், ஓகே?” என்றார். பக்கத்தில் நின்ற நிரஞ்சனாவிடம், “தப்பு விடாதே” என்றார்.

அவர்கள் முறை வந்தது. நிரஞ்சனா நடுவில் போய் நின்றாள். “ஸிட்” என்று தெளிவாகச் சொன்னாள். கூடவே தன் மூக்குக்கண்ணாடியை விரலால் மேலே ஒரு தள்ளு தள்ளினாள். கச்சாங் அவளையே பார்த்து, தொப்பென்று மல்லாந்து விழுந்து, நான்கு காலையும் வானத்துக்குத் தூக்கியது.

கூட்டம் சிரித்தது. இருதயராஜ், “டென்ஷன் சார், ஒண்ணுமில்ல, மறுபடி சொல்லுமா” என்றார். “ஸ்டே” என்றாள். மறுபடியும் கண்ணாடியைத் தள்ளினாள். மறுபடியும் நான்கு கால். “கம்” என்றாள், கண்ணாடியைத் தள்ளினாள். கச்சாங் படுத்த இடத்திலேயே முதுகைத் தேய்த்துக்கொண்டு, நாக்கைத் தொங்கவிட்டு, உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாமல் கிடந்தது.

அந்தக் கண்ணாடியை அளவெடுத்துப் பொருத்தியவன் நான். முந்தின மாதம்தான் மூக்குப்பட்டை மாற்றி, காதுப் பக்கம் வளைத்துக் கொடுத்தேன். தலைகீழாகத் தொங்கினாலும் அது இறங்காது. அதை அவள் எதற்குத் தள்ளவேண்டும்? எனக்கு விஷயம் புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவதுபோல நடித்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டேன்.

தேர்வாளர் கையை விரித்தார். ஃபெயில்.

நிரஞ்சனா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தபடி நடந்து வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அத்தான் அந்த வெயிலில், வங்கிக்குப் போட்டுக்கொண்டு போகும் பேண்டோடு மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து, கச்சாங்கின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“விடு. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? பாவம், இதுக்குப் போய் இவ்ளோ ஸ்ட்ரெஸ் குடுத்துட்டோம். இதால முடிஞ்சது இவ்ளோதான். இனிமே ஜாலியா இருக்கட்டும்.”

அவ்வளவு மென்மையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. இருதயராஜ் அடுத்த தேதியைச் சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டார். நிரஞ்சனா வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரில் நானும் அவளும் நாயும் பின்னால் உட்கார்ந்தோம். “எங்க வச்சுப் பழக்குன?” என்று மெதுவாகக் கேட்டேன். “பாத்ரூம்ல. குளிக்கப் போறேன்னு சொல்லிட்டு” என்று உதட்டை அசைத்துச் சொன்னாள். பிஸ்கட்டைத் தன் பங்கிலிருந்து மிச்சம் பிடித்தாளாம். குரல் வெளியே கேட்கக்கூடாது என்பதால் கண்ணாடியைத் தள்ளிச் சைகை காட்டிப் பழக்கினாளாம். முதலில் கச்சாங்குக்குப் புரியவில்லையாம், அவளும் கோபிக்காமல் திரும்பத் திரும்பச் செய்தாளாம். பொறுமை, பொறுப்பு, பரிவு, தலைமைத்துவம் என்று அத்தான் எக்செல்லிலும் கோப்பிலும் போட்ட அத்தனையும் பிள்ளைக்குள் வளர்ந்து நிற்கிறது, அவரால்தான் பார்க்க முடியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பரிசு ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன்.

கச்சாங்கின் அட்டவணை கதவிலிருந்து இறங்கியது. ஆரஞ்சு நிறம் மறுபடி வெள்ளையானது. செருப்பு பறந்தது. கயிற்றைக் கண்டால் கச்சாங் பழையபடி குதித்தது. செப்டம்பர் முழுக்க எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம்.

அக்டோபர் கடைசியில் அக்கா போனில் அழுதாள். பேச்சே வரவில்லை. நான் கடையைக் கடைப்பையனிடம் விட்டுவிட்டு டாக்ஸி பிடித்து ஓடினேன். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆண்டிறுதிக் கணக்குத் தேர்வில் நிரஞ்சனா ஃபெயில். கடைசிப் பகுதி முழுக்கக் கணக்கே எழுதாமல் வெற்றுத்தாளைக் கொடுத்திருக்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாளாம், டீச்சர் போன் செய்து சொன்னாராம். அடுத்த வருஷம் எந்த நிலையில் கணக்குப் படிப்பது என்று முடிவாவது இந்தத் தேர்வில்தான். அக்கா சோபாவில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அத்தான் கூடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

“தெரியாதுன்னா பரவால்ல சேது. தெரியும்! முந்தின நாள் இதே மாதிரிக் கணக்கை என் முன்னாடி போட்டா!”

நிரஞ்சனா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, பயந்ததுபோலவும் தெரியவில்லை. எதற்கோ காத்திருப்பவள்போல அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் திடீரென்று தெரிந்துவிட்டது. ஒன்றும் ஆகாது என்று அவளிடம் சொன்னவன் நான்தான்.

அத்தான் அவள் எதிரே வந்து நின்றார். “ஏம்மா எழுதல? உண்மையைச் சொல்லு, அப்பா அடிக்க மாட்டேன்.”

“ஃபெயிலானா விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்.”

“யாரு சொன்னா அப்படி?”

“யாரும் சொல்லல. கச்சாங்க விட்டீங்கல்ல?” அவள் குரல் அப்போதுதான் லேசாக நடுங்கியது. “கீழ உக்காந்து தலையத் தடவிக் குடுத்தீங்க. பாவம், இதால முடிஞ்சது இவ்ளோதான்னீங்க. இனிமே ஜாலியா இருக்கட்டும்னீங்க. அதுக்கப்பறம் அதைத் திட்டவே இல்ல.”

அக்கா முகத்திலிருந்து கையை எடுத்தாள். அத்தான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. மகளின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“அது நாய்டா கண்ணு. நீ என் பொண்ணு.”

சத்தியமாகச் சொல்கிறேன், அதை அவர் பாசத்தோடுதான் சொன்னார். உலகத்தில் வேறு யாரிடமும் அந்தக் குரலில் அவரால் பேச முடியாது.

நிரஞ்சனா அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, தப்பான கணக்குக்குச் சரியான விடையைக் காட்டினால் தலையாட்டுவாளே, அப்படி ஒருமுறை தலையாட்டினாள். “ஓ. ஓகேப்பா” என்றாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அலமாரியிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

“எந்தப் பக்கத்துல இருந்துப்பா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். போதும் அத்தான், இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க என்று சொல்ல நினைத்ததோடு சரி. அத்தான் புத்தகத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பென்சிலைக் கையில் பிடித்தபடி அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“நாப்பத்தாறு” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.